ஓசோன் படைக்குத் துப்பாக்கி வரைந்த பிள்ளை

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் என் மகளின் வீடு இருக்கிறது. பின்னேரங்களில் அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் என்னிடம் வாசிக்க வருவார்கள். அதை ரியூசன் என்று சொல்ல முடியாது. காசு வாங்குவதில்லை, புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துவதும் இல்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவளுக்குப் பின்னேரம் ஐந்து மணிக்குக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

போன மாதம் தரம் மூன்றில் படிக்கும் ஒரு பையன் சிறுவர் விஞ்ஞானப் புத்தகம் ஒன்றை உரக்க வாசித்தான். சூரியனின் தீங்கான கதிர்களில் இருந்து ஓசோன் படை பூமியைப் பாதுகாக்கிறது என்று அதில் இருந்தது. தடக்காமல் வாசித்தான். விளங்கியதைக் கீறிக் காட்டு என்றேன். நடுவில் பூமியை வட்டமாகக் கீறினான். அதைச் சுற்றித் தொப்பி போட்ட ஆட்களை வரிசையாக நிறுத்தினான். எல்லோர் கையிலும் துப்பாக்கி, எல்லாம் சூரியனை நோக்கியபடி. ஓர் இடத்தில் மண்மூட்டை அடுக்கிய காவலரண்கூட இருந்தது.

அவனைக் கூட்டிப் போக வந்த அம்மம்மா அந்தப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்றும் பேசாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள்தான் வாசலில் நின்று கேட்டார்: "டீச்சர், இதுகளையும் இப்ப பள்ளிக்கூடத்தில படிப்பிக்கினமோ?"

பையனில் பிழை இல்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வளியின் அடுக்கும் மண்ணின் அடுக்கும் 'படை'தான். தமிழ்நாட்டுப் பிள்ளை 'ஓசோன் படலம்' என்று வாசிக்கும். அதற்கு இந்தச் சிக்கல் வராது. படை என்ற சொல்லை அடுக்கு என்ற பொருளில் வைத்தவர்களிலும் குறை சொல்லமாட்டேன், அது தமிழில் உள்ள பொருள்தான். தோலில் வரும் படையும் அந்தச் சொல்தான். ஆனால் இந்த நாட்டில் பிறந்த தமிழ்ப் பிள்ளையின் காதில் படை என்ற சொல் எந்தப் பொருளோடு முதலில் விழும்? அதோடு பக்கத்தில் 'பாதுகாக்கிறது' என்ற வினையும் வந்தால் வேறெதை அவன் கீறுவான்?

இதை ஒரு சொல்லின் தடுமாற்றமாக விட்டுவிடலாம். நான் விடவில்லை. விஞ்ஞானப் புத்தகம் முழுக்க இப்படியான சொற்கள்தான் என்பது அதன் பிறகுதான் எனக்கே உறைத்தது.

உணவுச் சங்கிலி என்கிறோம். அங்கே இரும்பு வளையம் எதுவும் இல்லை. மின்னோட்டம் என்கிறோம், வயருக்குள் எவரும் ஓடவில்லை. உடல் கலங்களால் ஆனது என்கிறோம். 1665 இல் றொபேட் ஹூக் தக்கைத் துண்டொன்றை நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, அதில் தெரிந்த சிறு அடைப்புகளுக்குச் சிற்றறை என்ற பொருள்பட ஆங்கிலப் பெயரை வைத்தார். நாங்கள் அதைத் தமிழில் கலம் ஆக்கினோம், அதாவது பாத்திரம். அறை பாத்திரமாக மாறியதில் நட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் இன்றைய பிள்ளைக்கு மட்கலம் தெரியாது. மின்கலமும் விண்கலமும்தான் தெரியும். "அப்ப உடம்பு முழுக்கப் பற்றரியோ டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. பச்சைவீட்டு விளைவு என்று வாசித்த இன்னொருவன், எங்கள் ஒழுங்கையின் முடிவில் பச்சைப் பெயின்ற் அடித்த வீட்டைக் காட்டினான். கண்ணாடிக் கூரை போட்டுக் குளிர்காலத்தில் செடி வளர்க்கும் வீட்டை அவன் எங்கே கண்டான்? நுவரெலியாப் பக்கம் பொலித்தீன் கூடாரத்துக்குள் பூ வளர்ப்பதை ஒருமுறை கண்டிருந்தால் உண்டு. அந்த உவமையே அரைகுறையானது என்பது வேறு கதை. கண்ணாடி வீடு சூடாக இருப்பதற்கு முக்கிய காரணம், உள்ளே சூடான காற்று வெளியேறிக் கலக்க முடியாமல் அடைபட்டிருப்பது. வளிமண்டலமோ பூமியிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர்ப்பை உறிஞ்சி ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. பெயர் ஒன்று, வேலை வேறு.

இந்த உவமைகளை அகற்றிவிட்டு விஞ்ஞானத்தை எழுத முடியாது. கண்ணுக்குத் தெரியாததைத் தெரிந்ததைக் கொண்டுதான் சொல்ல வேண்டும். சிக்கல் எங்கே என்றால், உவமையைத் தமிழ்ப் பாடத்தில் வைத்துப் படிப்பிக்கிறோம். சுற்றாடல் பாடத்திலும் பிறகு தரம் ஆறில் தொடங்கும் விஞ்ஞானத்திலும் அதே உவமை வரும்போது அதை உண்மைக் கூற்றாக மனனம் செய்ய விடுகிறோம். முப்பது வருடங்களுக்கு மேல் நானும் அதைத்தான் செய்தேன். "இதயம் ஒரு பம்பி" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, எந்த வகையில் பம்பி என்று ஒருநாளும் கேட்டதில்லை. கீறிட்ட இடத்தில் 'பம்பி' என்று எழுதிய பிள்ளைக்குப் புள்ளி போட்டேன்.

சிறு பிள்ளைகள் உருவகத்தை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை அமெரிக்காவில் எலன் வினரும் அவரோடு ஹவார்ட் கார்ட்னர் முதலியோரும் ஆராய்ந்து 1976 இல் வெளியிட்டார்கள். பல வருடம் வேலை செய்த சிறைக் காவலர் ஒருவர் கடும் பாறையாகிவிட்டார் என்ற கருத்தில் அமைந்த வசனத்தை ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்குச் சொல்லி விளக்கம் கேட்டார்கள். சின்னவர்களிடம் இருந்து யாரோ மந்திரம் போட்டுக் காவலரைக் கல்லாக்கிவிட்டார்கள் என்ற மாதிரியும், அவர் வேலை செய்த சிறையின் சுவர்கள்தான் கல் என்ற மாதிரியும் விடைகள் வந்தன. வயது கூடக்கூடத்தான் மனம் இறுகிய மனிதர் என்ற பொருள் பிடிபட்டது. எங்கள் பையன் துப்பாக்கி கீறியதும் அந்த வரிசையில்தான் சேரும். மந்தமான பிள்ளை என்று இதற்குப் பெயர் வைக்கக் கூடாது. அவன் வசனத்துக்கு ஒரு பொருளை உருவாக்கியிருக்கிறான். சும்மா வாசித்துவிட்டுப் போகிற பிள்ளை அதையும் செய்யாது.

என்ன செய்யலாம் என்று யோசித்தபோது கைகொடுத்தது பழைய படிப்புத்தான். தொல்காப்பியத்தின் உவமவியல், உவமை நான்கு அடிப்படையில் வரும் என்கிறது: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை ஒத்திருக்கிறது. மழை போன்ற கை என்றால் பயன். உடுக்குப் போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம். பவளம் போன்ற வாய் என்றால் உரு, அதாவது நிறம். பயிற்சிக் கலாசாலையில் இதைச் செய்யுளுக்காகப் படித்தோம், சோதனை முடிந்ததும் மறந்தோம். இப்போது அதைச் சின்னவர்களுக்கு ஏற்ற நாலு கேள்வியாக்கினேன். அது என்ன செய்யும்? அதனால் என்ன கிடைக்கும்? என்ன வடிவம்? என்ன நிறம்? பிறகு ஐந்தாவதாக ஒன்று: எதில் ஒத்து வராது? அந்த ஐந்தாவது கேள்வி தொல்காப்பியத்தில் இருந்து வந்ததல்ல. ஒப்புமைகளைக் கொண்டு விஞ்ஞானம் கற்பிப்பது பற்றி வெளிநாடுகளில் எழுதியவர்கள், ஒப்புமை எந்த இடத்தில் உடைகிறது என்பதைப் பிள்ளைக்குக் காட்டாமல் பாடத்தை முடிக்கக் கூடாது என்கிறார்கள். அது சரி என்று பட்டது.

பம்பியில் தொடங்கினோம். அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு நீர்ப்பம்பி புத்தகப் பொருள் அல்ல. கீழே மோட்டர் போட்டால்தான் மொட்டைமாடித் தொட்டி நிறையும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். என்ன செய்யும் என்ற கேள்விக்கு உடனே விடை வந்தது: தள்ளும். வடிவம் ஒத்துவரவில்லை, நிறமும் இல்லை. எதில் ஒத்து வராது என்றதும் தரம் நாலுப் பிள்ளை ஒன்று கேட்டது: "கரண்ட் போனா மோட்டர் நிக்கும். இதயமும் நிக்குமோ?" 2022 இல் மணிக்கணக்கில் மின்வெட்டு வந்த காலத்தை வீட்டில் சொல்லிக் கேட்ட பிள்ளை. இதயம் தனக்கு வேண்டிய சிறு மின் துடிப்பைத் தானே உண்டாக்குகிறது என்று சொன்னேன். இன்னொருவன், தொட்டிக்குப் போன தண்ணீர் குழாயால் வெளியே போய்விடும், இரத்தமும் அப்படிப் போகுமா என்றான். 1628 இல் வில்லியம் ஹார்வி கேட்ட கேள்விக்குக் கிட்ட வந்துவிட்டான். அரை மணித்தியாலத்தில் இதயம் தள்ளும் இரத்தத்தைக் கணக்குப் பார்த்த ஹார்வி, அவ்வளவையும் உடல் புதிதாக உண்டாக்க முடியாது, அதே இரத்தம்தான் சுற்றி வருகிறது என்று முடிவு செய்தார். உவமை உடையும் இடத்தில் இருந்துதான் பாடம் நடந்தது.

இந்த நாலு கேள்வியை வன்னியில் வேறொரு உருவில் ஏற்கெனவே படிப்பித்திருக்கிறேன் என்பது பிறகு ஒரு நாள் இரவு படுத்திருக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. மெனிக் பாமில் இருந்து மீள்குடியேறிய பிறகு, பள்ளிக்கூடங்களில் மிதிவெடி விழிப்பூட்டல் நடந்தது. யுனிசெப் போன்ற அமைப்புகளின் ஆதரவில் படங்களோடு ஆட்கள் வருவார்கள். பந்து மாதிரி இருக்கும், பேணி மாதிரி இருக்கும், தொடாதே என்பதுதான் பாடம். வடிவமும் நிறமும் விளையாட்டுச் சாமானை ஒத்திருக்கும். செய்யும் வேலையும் கிடைக்கும் பயனும் ஒத்திருக்காது. மெய்யும் உருவும் ஒத்தால் வினையும் பயனும் ஒக்கும் என்று நம்புகிற பிள்ளைக்கு அங்கே கால் போகும், கை போகும். ஏழு வயதுப் பிள்ளைகள் அதை விளங்கிக்கொண்டார்கள். விளங்காது, சின்னப் பிள்ளைகள் என்று நாங்கள் அன்றைக்கு விட்டுவிடவில்லை. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. முகமாலைப் பக்கம் அகற்றும் வேலை அதன் பிறகும் வருடக்கணக்கில் நடந்தது.

இனி இந்தக் கட்டுரையை எழுத வைத்த விடயத்துக்கு வருகிறேன். ஓசோன் படம் கீறிய பையனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்குப் பயம், இரத்தம் சோதித்தார்கள், டெங்கு இல்லை. வெண்குழியங்கள் உடம்பின் படைவீரர்கள், கிருமிகளோடு போரிடுகின்றன என்று யாரோ அவனுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார்கள். புத்தகங்களும் அப்படித்தான் சொல்கின்றன. பிறபொருளெதிரி என்ற எங்கள் கலைச்சொல்லுக்குள்ளேயே எதிரி இருக்கிறான். சுகமாகி வந்த அன்று அவன் கேட்டான்: "டீச்சர், உடம்புக்குள்ள சண்டை நடந்தா, அங்க இருக்கிற ஆக்கள் எங்க போவினம்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவனுடைய அம்மம்மா 2009 இல் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தவர் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் அதைப் பற்றிப் பெரிதாகக் கதைப்பதில்லை என்பதும் தெரியும். ஆனாலும் பிள்ளைக்குப் போர் என்றால் இரண்டு தரப்பு மட்டும் அல்ல, நடுவில் சனம் இருக்கும் என்பது எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது. 'உடலின் படைவீரர்கள்' என்று எழுதியவர் நினைத்துப் பார்த்த போரில் சனம் இல்லை.

விஞ்ஞானப்படி பார்த்தாலும் அது சரியான கேள்வி. கிருமியை எதிர்க்கும்போது உடல் தன் சொந்த இழையங்களையும் காயப்படுத்துகிறது. தொண்டை வீங்குவதும் சிவப்பதும் நோவதும் பெரும்பாலும் கிருமி மட்டும் செய்கிற வேலை அல்ல, எங்கள் எதிர்ப்பும் சேர்ந்து செய்வது. கொவிட் கடுமையானவர்களில் பலருக்கு, கட்டுப்பாடு இழந்த அந்த எதிர்ப்புத்தான் நுரையீரலைக் கெடுத்தது. சொந்தக் கலத்தையே பிறபொருளாக எடுத்துத் தாக்கும் நோய்களும் உண்டு. படைவீரர் உவமையோடு நின்ற பிள்ளைக்கு இது ஒன்றும் தெரிய வராது; உவமையை ஊன்றிக் கேட்ட பிள்ளை தானாகவே அங்கே போய்விட்டது.

போர் உருவகம் வீட்டுக்குள் மட்டும் இருக்கவில்லை. 2020 இல் கொவிட் வந்தபோது அதைத் தடுப்பதற்கான தேசிய செயற்பாட்டு மையத்துக்குத் தலைவராக இருந்தவர் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வா. தனிமைப்படுத்தல் நிலையங்களை இராணுவம் நடத்தியது. நோய்க்கு எதிரான போர் என்ற பேச்சுக்கும் சீருடைக்கும் இடையில் உவமை, பொருள் என்ற வேறுபாடே இல்லாமல் போனது. வெள்ளவத்தையில் எங்கள் கட்டடத்தில் காய்ச்சல் வந்ததைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் பயந்தவர்கள் இருந்தார்கள். வாசலில் சீருடை வந்து நிற்பது இந்த ஒழுங்கைகளுக்குப் புதிதல்ல. 2007 யூன் மாதம் விடுதிகளில் இருந்த தமிழரைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பிய அதிகாலை பலருக்கு நினைவிருக்கிறது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நின்றது. உடலின் காவலர்கள் அடையாளம் பார்த்து அந்நியரை வெளியேற்றுவார்கள் என்று இந்தத் தெருவில் ஒரு பிள்ளைக்கு விளக்கும்போது, வீட்டுக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவருக்கு அது வேறு மாதிரித்தான் கேட்கும். நோயைப் போராகப் பேசுவது நோயாளிக்கே சுமையாகிறது என்று சூசன் சொன்டாக் 1978 இலேயே எழுதினார். அவர் எழுதியது அமெரிக்காவில் இருந்து, புற்றுநோயைப் பற்றி.

படைவீரர் இல்லாமல் வெண்குழியத்தைச் சொல்ல முடியாதா? எங்கள் கலைச்சொல்லிலேயே வழி இருக்கிறது. 1882 இல் இத்தாலியின் மெசினாவில் எலி மெச்னிகோவ் நட்சத்திரமீன் குடம்பிக்குள் ரோசா முள்ளைக் குத்திவிட்டு, அசையும் கலங்கள் முள்ளைச் சூழ்வதைக் கண்டார். அந்தக் கலங்களுக்கு அமைந்த பெயரின் கிரேக்க வேருக்குத் தின்னும் கலம் என்று பொருள். 1908 இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இலங்கையில் அதைத் தமிழாக்கியவர்கள் அழகாகத் தின்குழியம் என்றார்கள். துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை, தின்னுகிறது. பிள்ளைகளுக்கு அதைச் சொன்னதும் சிரிப்பு. பிறகு நாலு கேள்வி. தின்றால் பசி தீர வேண்டுமே, அதற்குப் பசிக்குமா? தின்றுவிட்டு என்ன ஆகும்? தின்ற பல கலங்கள் செத்துப்போகும், புண்ணில் சீழாக வருவதில் அவையும் உண்டு என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. இந்த உவமையும் ஓர் இடத்தில் உடையும். உடையட்டும்.

கலைச்சொல் ஆக்கியவர்களை நான் குறைவாக மதிக்கவில்லை. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஷ் கிறீன் 1867 இல் இரண வைத்தியத்தையும் 1875 இல் கெமிஸ்தத்தையும் தமிழில் கொண்டுவந்த மண் இது. பிறகு அரசகரும மொழித் திணைக்களம் தொகுதி தொகுதியாகக் கலைச்சொற்கள் வெளியிட்டது. அந்தச் சொற்கள் துல்லியத்துக்காகத் தெரிவு செய்யப்பட்டவை. எட்டு வயதுப் பிள்ளையின் காதுக்காக அல்ல. அந்த வேலையை அடுத்த தலைமுறை செய்திருக்க வேண்டும். எங்கள் தலைமுறைக்கு வேறு வேலைகள் வந்துவிட்டன.

இப்போது அதற்கு ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. புதிய கல்விச் சீர்திருத்தம் 2026 இல் தரம் ஒன்றில் தொடங்கியது. தரம் ஆறுக்கானது ஆங்கிலப் பாடத் தொகுதி பற்றிய சர்ச்சைக்குப் பிறகு 2027 க்குப் பிற்போடப்பட்டது. அந்தச் சர்ச்சையில் நிறையப் பேர் பேசினார்கள். தமிழில் வரும் விஞ்ஞானத் தொகுதியின் சொற்கள் பற்றி அந்த இரைச்சலுக்குள் நான் ஒன்றும் கேட்கவில்லை. சிங்களத்தில் இருந்து மொழிபெயர்த்ததுபோல் இருக்கிறது என்று தமிழ்ப் பாடநூல் பற்றி ஆசிரியர்கள் முறைப்படுவது பழைய கதை. மொழிபெயர்ப்பில் எழுத்துப்பிழையைத் திருத்த ஆள் வைக்கிறார்கள். உவமையைப் பார்க்க ஆள் இல்லை. சிங்கள உவமை சிங்களப் பிள்ளைக்குச் சரியாக இருக்கலாம். இராணுவ வீரன் என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒரே உணர்வைத் தராது என்பது இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டிய விடயம் அல்ல. மகரகமையில் தேசிய கல்வி நிறுவகத்தில் ஆசிரியர் வழிகாட்டி எழுதுபவர்கள், ஒவ்வொரு பாடத்திலும் வரும் உவமைக்குப் பக்கத்தில் 'எதில் ஒத்து வராது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அச்சுச் செலவு கூடாது. தரம் ஐந்துப் பரீட்சைக்கு அது வராது என்பதால் ஆசிரியர்கள் தாண்டிப் போவார்கள் என்ற பயம் எனக்கும் உண்டு. சிலராவது தாண்டமாட்டார்கள்.

போன கிழமை ஓசோனுக்குத் திரும்பப் போனோம். படை என்பதற்குப் பதிலாக நீங்களே ஒரு உவமை சொல்லுங்கள் என்றேன். பையன் நெடுநேரம் யோசித்தான். "பால் ஆற வைச்சா மேல ஆடை வருமே, அது மாதிரி." அம்மம்மா அன்றைக்கு நேரத்தோடு வந்து கதிரையில் இருந்தார். நல்லாயிருக்கு என்றார். பம்பிக் கேள்வி கேட்ட பிள்ளை விடவில்லை. பாலாடையைக் கரண்டியால் எடுக்கலாம், ஓசோனை எடுக்கலாமா? எடுக்க ஏலாது என்றேன். அது பதினைந்து கிலோமீற்றருக்கு மேலே வளியோடு வளியாக மிக ஐதாகப் பரந்திருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து நிலத்துக்குக் கொண்டுவந்து இங்குள்ள அமுக்கத்தில் வைத்தால் மூன்று மில்லிமீற்றர் தடிப்புத்தான் வரும். பையன் தன் சுண்டுவிரல் நகத்தைப் பார்த்தான். இவ்வளவுதானா, அப்ப அதில எப்பிடி ஓட்டை விழுந்தது என்றான். ஓட்டை என்பதும் ஒரு உவமைதான் என்று சொல்லத் தொடங்கினேன், கீழே வான் ஹோண் அடித்தது. யாருக்கோ கராத்தே வகுப்பு.